நீருக்கும் ஒரு பதம் உண்டு

மாத்திரை விழுங்க இயலாதோரைப் பேணுவோர் கவனத்திற்கு

உணவு உண்கையில் எவருக்கேனும் புரையேறினால், 'உன்னை யாரோ நினைக்கிறார்கள்' என்று சொல்லி உச்சந்தலையில் மெல்லத் தட்டுவது நம் இல்லங்களில் வழக்கம். இருமல் அடங்கியதும் அனைவரும் சிரித்துவிட்டு மீண்டும் உண்ணத் தொடங்குகிறோம். உடல்நலம் உள்ளவர்க்கு அது சில நொடித் தொல்லையே. ஆனால், பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்த தந்தைக்கோ, பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதத்தால் தளர்ந்த தாய்க்கோ, நினைவு மங்கிய பாட்டிக்கோ நாள்தோறும் புரையேறுமாயின், அதனைச் சிரித்துத் தள்ள இயலாது. உடல் விடுக்கும் எச்சரிக்கை அது.

இத்தகைய நோயாளிகளின் நிலையில் ஒரு முரண்பாடு உண்டு. எவருக்கு விழுங்குவது அரிதோ, அவருக்கே விழுங்க வேண்டிய மாத்திரைகளும் மிகுதி. இரத்த அழுத்தத்திற்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று, இரத்தம் உறையாதிருக்க ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று எனக் காலை, நண்பகல், இரவு மூன்று வேளையும் மாத்திரைகள் காத்திருக்கின்றன. மாத்திரையின் பெயரைக் கேட்டறிகிறோம். உணவுக்கு முன்னா பின்னா என்று கேட்கிறோம். எத்தனை நாள்களுக்கு என்றும் கேட்கிறோம். எந்த நீருடன், எந்தப் பதத்தில் கொடுப்பது என்று மட்டும் நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

தொண்டை என்னும் முச்சந்தி

வாயிலிருந்து வரும் வழி தொண்டையில் இரண்டாகப் பிரிகிறது. முன்புறம் மூச்சுக்குழல், பின்புறம் உணவுக்குழல். காற்றும் உணவும் இந்த முச்சந்தியைக் கடந்தே செல்ல வேண்டும். நாம் விழுங்கும் வேளையில் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழும்புகிறது, குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் நெருங்கி மூச்சுக்குழலை அடைக்கின்றன, உணவுக்குழலின் வாயில் திறக்கிறது. ஏறத்தாழ 30 இணைத் தசைகளும், மூளையிலிருந்து புறப்படும் 5 இணை நரம்புகளும் ஒத்துழைத்து, தொண்டையில் நிகழும் இவ்வேலையை ஒரு நொடிக்குள் முடித்துவிடுகின்றன. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை, நம் கவனமின்றியே இது நடைபெறுகிறது.

பக்கவாதம், நடுக்குவாதம், முதுமை மறதி, தலை, கழுத்துப் பகுதிகளில் தோன்றும் புற்றுநோய் ஆகியவற்றால் இந்த ஒழுங்கு குலையலாம். விழுங்கும் கட்டளை சற்றுத் தாமதமாகப் பிறக்கலாம். அல்லது தசைகள் வலுவிழக்கலாம். தாமதம் அரை நொடியே ஆயினும் அதன் விளைவு பெரிது. வாயில் இட்ட நீர் குரல்வளை மூடுவதற்கு முன்பே ஓடிவந்து மூச்சுக்குழலுள் நுழைந்துவிடுகிறது. இருமல் வந்தால் தப்பினோம். நரம்புணர்வு மங்கிய சிலர்க்கு இருமலும் வருவதில்லை, ஓசையின்றியே புரையேறுகிறது. இவ்வாறு நுரையீரலை அடையும் நீரும் எச்சிலும் அவற்றுடன் செல்லும் கிருமிகளும் நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கலாம். முதியோர் பலரின் உயிரைப் பறிப்பது இத்தகைய நிமோனியாவே.

தண்ணீர் ஏன் கடினமாகிறது?

கட்டியான உணவே விழுங்கக் கடினமானது. தண்ணீர் எளிதானது என நாம் எண்ணுகிறோம். விழுங்கும் கட்டளை தாமதிக்கும் நோயாளிக்கு உண்மை இதற்கு நேர்மாறானது. தண்ணீர் மிக விரைவாக ஓடும், பரவும், நாவால் கட்டிப்பிடிக்க இயலாதது. அதே தண்ணீர் கஞ்சியின் பதத்தில் இருந்தால் மெல்ல நகரும், ஒன்றுசேர்ந்து நகரும், குரல்வளை மூடிக்கொள்ள வேண்டிய அவகாசத்தைத் தரும். விழுங்கச் சிரமப்படுவோர்க்கு நீரைக் கெட்டியாக்கிக் கொடுக்குமாறு மருத்துவர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

இதனுடன் மாத்திரையும் சேரும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. வாயில் இப்போது இருவேறு பொருள்கள் உள்ளன. ஒன்று கட்டி, மற்றொன்று நீர். இரண்டும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓட, மாத்திரை நாவின் மீதே தங்கிவிடுகிறது. நோயாளி மீண்டும் ஒரு வாய் நீர் பருகுகிறார்; அந்நீரும் முந்தி ஓடுகிறது. இவ்வாறு ஒரு மாத்திரைக்காக மூன்று, நான்கு முறை புரையேறும் ஆபத்தை அவர் சந்திக்கிறார். மாத்திரையோ கன்னத்தின் ஓரத்திலோ, நாவின் அடியிலுள்ள குழியிலோ ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்குவதும் உண்டு. ஜெர்மனி நாட்டு மருத்துவர்கள் பக்கவாத நோயாளிகளிடையே மேற்கொண்டு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், மாத்திரையோ காப்ஸ்யூலோ சேரும்போது புரையேறும் ஆபத்து கூடுகிறது என்றே காட்டியது.

மாத்திரையைக் கெட்டியான கூழின் நடுவே வைத்துக் கொடுக்கும்போது, கூழ் அதனைத் தாங்கி ஒரே கவளமாக எடுத்துச் செல்கிறது. வாழைப்பழத் துண்டினுள் மாத்திரையைப் பொதிந்து குழந்தைகளுக்குக் கொடுத்த நம் பாட்டிமார் அறிந்திருந்த உத்தியும் இதுவே.

அளவுக்கு மிஞ்சினால்...

அப்படியாயின் எல்லா நீரையும் கெட்டியாக்கிவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் விழுங்குதல் குறைபாடுகளை ஆராய்வதில் முன்னோடியாக விளங்கிய ஜெரி லோகமன் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மறதி நோயோ நடுக்குவாதமோ கொண்டு, தண்ணீர் பருகினால் புரையேறும் நிலையிலிருந்த 711 பேரை எக்ஸ்ரே கருவியின் முன் அமர்த்தி மூன்று முறைகளைச் சோதித்தனர். தலையைக் குனிந்து தண்ணீர் பருகியபோது 68 விழுக்காட்டினருக்குப் புரையேறியது. பழச்சாற்றின் பதத்தில் சற்றே கெட்டியான நீரைப் பருகியபோது 63 விழுக்காட்டினருக்கும், தேன் பதத்தில் பருகியபோது 53 விழுக்காட்டினருக்கும் புரையேறியது. பதம் கூடக் கூட ஆபத்து குறைந்தது. ஆயினும் தேன் பதத்திலும் பாதிக்கு மேற்பட்டோர் தப்பவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இவர்களைப் போன்ற 515 பேரை மூன்று மாதங்கள் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது. நிமோனியாக் காய்ச்சல் கண்டோரின் எண்ணிக்கையில், தலை குனிந்து தண்ணீர் பருகியோருக்கும் கெட்டி நீர் பருகியோருக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உடலில் நீர் வற்றும் நிலையோ, தண்ணீர் பருகியோருள் 2 விழுக்காட்டினருக்கும் கெட்டி நீர் பருகியோருள் 6 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. காரணம் எளிது. கெட்டி நீர் தாகத்தைத் தணிப்பதில்லை, சுவையும் குன்றுகிறது, நோயாளி போதிய அளவு பருகாமல் ஒதுக்கிவிடுகிறார்.

மற்றொரு குறையும் உண்டு. தொண்டைத் தசைகள் வலுவிழந்த ஒருவருக்கு மிகவும் இறுகிய கூழைக் கொடுத்தால், விழுங்கிய பின்னும் ஒரு பகுதி தொண்டையிலேயே தேங்கி நிற்கும். மாத்திரையும் அதனுள் சிக்கி நிற்கும். அடுத்த மூச்சில் அத்தேக்கம் மூச்சுக்குழலில் வழியக்கூடும். ஆகவே, விழுங்குவதில் தாமதம் உள்ளவருக்கு ஒரு பதம். வலுக்குறைவு உள்ளவருக்கு வேறொரு பதம். பக்கத்து வீட்டு நோயாளிக்கு உதவிய பதம் நம் வீட்டு நோயாளிக்கும் உதவும் என்று எண்ணுவது தவறு.

மருந்தைச் சிறைவைக்கும் கூழ்

மாத்திரை பத்திரமாக இரைப்பையை அடைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அத்துடன் நம் கவலை தீர்ந்ததா? மாத்திரை பயன்தர வேண்டுமாயின், அதனுள் நீர் புகுந்து, அது உடைந்து, மருந்து கரைய வேண்டும். மாத்திரையைச் சுற்றிக் கூழ் ஒரு போர்வையெனப் படிந்துவிட்டால் நீர் உட்புக இயலாது.

ஜப்பான் நாட்டில் இது கண்கூடாகத் தெரியவந்தது. அந்நாட்டில் மலச்சிக்கலுக்கு மக்னீசியம் ஆக்ஸைடு மாத்திரைகள் பெரிதும் வழங்கப்படுகின்றன. நீரில் இட்டால் விரைவில் உடைந்து கரையும் வகையைச் சேர்ந்தவை அவை. அவற்றைக் கெட்டி நீரில் அமிழ்த்திக் கொடுத்தபோது, மாத்திரை உடையாமல் முழுமையாகவே மலத்துடன் வெளிவந்ததாகச் செய்தி எழுந்தது. அதன்பின் ஆய்வாளர்கள் சோதித்து, கெட்டியாக்கும் பொடி மாத்திரை உடைவதையும் கரைவதையும் தடைப்படுத்துவதை உறுதி செய்தனர். ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனைகளில், பொடித்த மாத்திரையைக் கெட்டி நீரில் கலந்தபோதுங்கூட, பதம் இறுக இறுக மருந்து வெளிப்படுவது தாமதமாயிற்று.

இதன் பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் குறையவில்லை, வலிப்பு அடங்கவில்லை, மலம் கழியவில்லை. 'மருந்து போதவில்லை போலும்' எனக் கருதி மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். குறையோ மருந்தில் இல்லை. மருந்தைச் சூழ்ந்த கூழில் உள்ளது. வீட்டில் எப்படிக் கொடுக்கிறோம் என்பதை மருத்துவரிடம் சொன்னாலன்றி அவர் இதனை அறிய வழியில்லை.

ஆகவே மெல்லியதாயின் மூச்சுக்கு ஆபத்து. மிகக் கெட்டியாயின் மருந்துக்குத் தடை. இவ்விரண்டுக்கும் இடையே, புரையேறாமல் விழுங்கப் போதுமான பதம் எதுவோ அதுவே நாடத்தக்கது. மாத்திரைக்கு அளவு உள்ளதுபோல், அதனைச் செலுத்தும் நீருக்கும் அளவு உண்டு.

பிரிட்டன் தந்த இரு பாடங்கள்

கெட்டியாக்கும் பொடிகள் இருவகைப்படும். ஒன்று மாச்சத்தால் ஆனது. மற்றொன்று நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படும் ஸாந்தன் பிசினால் ஆனது. மாச்சத்து நம் எச்சில் பட்டதும் நீர்த்துவிடும். நோயாளி வாயில் வைத்த கரண்டியை மீண்டும் கிண்ணத்தில் இட்டால், சற்று நேரத்தில் கிண்ணத்துக் கூழ் இளகிவிடுவது இதனாலேயே. ஸாந்தன் பிசின் எச்சிலுக்கு எளிதில் இளகுவதில்லை.

2021ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பாலிஎத்திலீன் கிளைகால் என்னும், நீரில் கரைத்துக் குடிக்கும் மலமிளக்கி மருந்தை மாச்சத்துப் பொடியால் கெட்டியாக்கிய நீருடன் கலந்தால், கெட்டித்தன்மை நீங்கி அக்கலவை தண்ணீர்போல் ஆகிவிடும் என்பதே அது. நம் நாட்டிலும் வழங்கிவரும் மருந்து இது. காலையில் கலக்கும்போது கெட்டியாக இருந்தது என்று நம்பிக் கொடுப்பவர், உண்மையில் தண்ணீரையே கொடுத்துவிடுகிறார்.

மற்றொரு பாடம் இன்னும் துயரமானது. முதியோர் இல்லமொன்றில் கைக்கெட்டும் தொலைவில் இருந்த கெட்டியாக்கும் பொடியை அள்ளி உண்ட ஒருவர் தொண்டை அடைத்து இறந்ததையடுத்து, அந்நாட்டு மருத்துவச் சேவை 2015 பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. உலர்ந்த பொடி எச்சிலை உறிஞ்சி வாயினுள்ளேயே பசையாகிவிடும். நினைவு குன்றிய முதியவரோ சிறு குழந்தைகளோ உள்ள இல்லத்தில் இப்பொடியை மருந்தைப் போலவே எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பதத்தை அளப்பது எப்படி?

பாகுக்குப் பதம் பார்ப்பதில் நம் தாய்மார் வல்லவர்கள். ஆயினும் ஒருவர் 'தேன் பதம்' என்பது மற்றொருவருக்குக் 'கூழ்ப் பதமாக' இருக்கலாம். நாடுகளிடையேயும் இக்குழப்பம் நிலவியது. இதனை நீக்குவதற்காக 2013ஆம் ஆண்டில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக வகுக்கும் முயற்சியைத் தொடங்கினர். பானங்களுக்கு உரியவை 0 முதல் 4 வரையிலான படிகள். 0 என்பது தண்ணீர். 4 என்பது கரண்டியில் நிற்கும் கூழ்.

அளக்கும் கருவி எளியது. ஊசி நீக்கிய 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று போதும். அதன் அளவுக்கோடுகள் 0 முதல் 10 வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். அடிமுனையை விரலால் அடைத்து 10 மி.லி. பானத்தை ஊற்றி, விரலை எடுத்துச் சரியாக 10 வினாடிகள் ஒழுகவிட்டு மீண்டும் அடைக்க வேண்டும். எஞ்சியிருப்பது 1 மி.லி.க்குக் குறைவாயின் 0 படி. 1 முதல் 4 வரை எனில் முதற்படி. 4 முதல் 8 வரை எனில் இரண்டாம் படி. 8-க்கு மேல் இருந்து சிறிதேனும் ஒழுகியிருந்தால் மூன்றாம் படி. சிறிதும் ஒழுகவில்லையெனில் அது நான்காம் படியாக இருக்கலாம். அதனைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்து உறுதி செய்வர். மருத்துவர் 'இரண்டாம் படி' என்று குறித்துக் கொடுத்தால் இல்லத்தரசியும் அடுக்களையிலேயே அதனைச் சரிபார்க்க முடியும்.

பொடித்துக் கொடுக்கலாமா?

மாத்திரை இறங்கவில்லையெனில் அம்மியிலோ கரண்டியாலோ நசுக்கிக் கொடுப்பது பல இல்லங்களில் நடைமுறை. எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. நாள் முழுதும் சிறிது சிறிதாக மருந்தை வெளியிடுமாறு அமைந்த மாத்திரையைப் பொடித்தால், ஒரு நாளைய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். இரைப்பையில் கரையாமல் குடலில் கரைவதற்கெனப் பூச்சிட்ட மாத்திரையைப் பொடித்தால், மருந்து அமிலத்தில் அழியலாம். அல்லது இரைப்பையைப் புண்படுத்தலாம். எலும்புத் தேய்வுக்கு வழங்கப்படும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமேனும் படுக்காதிருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழலைப் புண்ணாக்கும். தண்ணீர் பருக இயலாதவருக்கு அது ஏற்ற மருந்தன்று; மாற்று மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

எதில் கலந்து கொடுக்கிறோம் என்பதும் முக்கியமே. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் முதலிய கிருமிக்கொல்லி மருந்துகளைப் பாலிலோ தயிரிலோ கொடுத்தால், அவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிணைத்து உடலில் சேரவிடாது. தைராய்டு மாத்திரையையும் பாலுடன் கொடுத்தல் ஆகாது. சர்க்கரை நோயாளிக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பது பொருந்தாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. உண்ணும்போதோ பருகும்போதோ இருமல், கண்ணீர், விழுங்கியபின் நீரில் நனைந்தாற்போன்ற களகளத்த குரல், அடிக்கடி காய்ச்சல், காரணமறியா மெலிவு ஆகியவை தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள். விழுங்குதலைச் சோதித்தறியும் பயிற்சி பெற்றோரும் பெரிய மருத்துவமனைகளில் உள்ளனர். அவர்கள் கூறும் பதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாமாகவே பதத்தை முடிவு செய்வது கூடாது.

2. நோயாளியை நிமிர்த்தி அமர்த்திய பின்னரே மருந்து கொடுங்கள். படுத்திருப்பவர் வாயில் பாலாடையால் ஊற்றுவதும், தூக்கக் கலக்கத்தில் உள்ளவருக்கு ஊட்டுவதும் ஆபத்தானவை.

3. எச்சில் படாமல் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பது நம் நாட்டு நல்வழக்கம். ஆனால் விழுங்கச் சிரமப்படுவோர் அண்ணாந்தால் நீர் தடையின்றித் தொண்டைக்குப் பாயும். மூச்சுக்குழலின் வாயிலும் அகன்று நிற்கும். இவர்களுக்கு இவ்வழக்கம் வேண்டாம்.

4. ஒரு வேளைக்கு ஒரு மாத்திரையாக, ஒரு கரண்டிக் கூழின் நடுவே வைத்துக் கொடுங்கள். கொடுக்கும் கணத்திலேயே வையுங்கள்; முன்கூட்டியே ஊறவிடாதீர்கள். விழுங்கியபின் மாத்திரையின்றி ஒரு கரண்டி கொடுத்து, வாயையும் கன்ன ஓரங்களையும் பாருங்கள்.

5. மருந்துக்கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதனைப் பொடிக்கலாமா? கூழில் வைத்துக் கொடுக்கலாமா? இதே மருந்து வேறு வடிவில் கிடைக்குமா? நாவில் கரைவன, தோலில் ஒட்டுவன எனச் சில மருந்துகளுக்கு வேறு வடிவங்கள் உண்டு. சிரப் வடிவமாயின், அதுவும் தண்ணீரைப் போல் விரைந்து ஓடக்கூடியது என்பதை மறவாதீர்கள்.

6. கஞ்சி ஆறினால் இறுகும்; எச்சில் பட்டால் இளகும். ஆகவே கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் பதம் பாருங்கள்.

7. கெட்டி நீர் பருகுவோர் நாள் முழுதும் போதிய அளவு பருகுகின்றனரா எனக் கணக்கு வையுங்கள். சிறுநீர் குறைந்து மஞ்சளித்தால் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

8. வாயைக் காலையும் மாலையும் தூய்மை செய்யுங்கள். சிறிது புரையேறினும், தூய வாயின் எச்சிலில் கிருமிகள் குறைவு.

நோயாளி மாத்திரையைத் துப்பிவிட்டால் அவரைப் பிடிவாதக்காரர் என்று கடிந்துகொள்கிறோம். அவர் மறுப்பது மருந்தையன்று; மூச்சுத் திணறலையே. அதனை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு இயலாதிருக்கலாம். விழுங்குவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் ஒரு நிமிடத்தை அவசரப்படாமல் அவருக்குக் கொடுப்போம். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லுகையில், மாத்திரைச் சீட்டுடன், 'எந்தப் பதத்தில் கொடுக்க வேண்டும்?' என்னும் கேள்வியையும் நம்முடன் எடுத்துச் செல்வோம்.